படுக்கும் உயரம்தான் கணக்கு

இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிட்டிப் பள்ளத்தாக்கைச் சுற்றும் மலைப்பாதை ஒரு பெரிய வளையம். சிம்லாவில் புறப்பட்டு கல்பா, தாபோ, காஸா, லோசர் என்று ஏறி, குன்சம் கணவாயைக் கடந்து, சந்திரதால் ஏரிக்கு அருகே கூடாரம் அடித்துத் தங்கி, மணாலியில் இறங்கலாம். மணாலியில் புறப்பட்டு இதையே எதிர்த்திசையில் சுற்றி சிம்லாவுக்கும் வரலாம். எப்படிச் சுற்றினாலும் தூரம் ஒன்றுதான். கரடுமுரடான பாதையும் குறுக்கே ஓடும் ஓடைகளும் ஏரியும் மாறப்போவதில்லை.

ஆனால் இரண்டு குழுக்களின் அனுபவமும் ஒன்றாக இருப்பதில்லை. மணாலியிலிருந்து காலையில் கிளம்பி அன்று மாலையே சந்திரதால் சேரும் குழுவில், நள்ளிரவில் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருபவர்களும் வாந்தி எடுப்பவர்களும் எளிதில் தென்படுவார்கள். சிம்லா வழியாக ஒரு வாரத்தில் வந்து சேரும் குழுவினரில் பெரும்பாலோர் அதே முகாமில் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். ஏரியின் உயரம் இருவருக்கும் ஒன்றே. சுவாசிக்கும் காற்றும் ஒன்றே. பிறகு வேறுபாடு எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால், குழுவாக மலைக்குப் போவதற்கான திட்டத்தில் பாதி தானாக எழுதப்பட்டுவிடும். எங்கே தங்குவது, சோறு ஏன் வேகவில்லை, வண்டி ஏன் இழுக்கவில்லை, டயரில் எவ்வளவு காற்று இருக்க வேண்டும் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே காரணி: காற்றழுத்தம்.

மேலே போனால் எது குறைகிறது?

"மலை மேலே ஆக்சிஜன் குறைவு" என்று எல்லோரும் சொல்கிறோம். அது பாதி உண்மைதான். சென்னைக் கடற்கரைக் காற்றில் ஆக்சிஜனின் பங்கு ஏறத்தாழ 21 விழுக்காடு. சந்திரதால் காற்றிலும் 21 விழுக்காடே. எவரெஸ்ட் உச்சியிலும் அவ்வளவுதான். பங்கு மாறவில்லை. மாறுவது காற்றின் நெருக்கம்.

இலவம்பஞ்சு மெத்தைகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பத்துப் பதினைந்து அடுக்கி வைத்தால், அடியிலுள்ள மெத்தை மேலேயுள்ளவற்றின் பாரத்தில் நசுங்கித் தட்டையாகக் கிடக்கும். உச்சியிலுள்ளது உப்பலாக இருக்கும். இரண்டிலும் இருப்பது அதே பஞ்சுதான். ஆனால் ஒரு கைப்பிடி அள்ளினால் அடிமெத்தையில் அதிகமும் மேல்மெத்தையில் குறைவும் கிடைக்கும். வளிமண்டலமும் அப்படித்தான். கடல்மட்டத்துக் காற்றின் மீது முழு வளிமண்டலத்தின் எடையும் அழுத்துகிறது. மேலே ஏற ஏற நமக்கு மேல் எஞ்சியிருக்கும் காற்று குறைகிறது, அழுத்தமும் குறைகிறது. சுமார் 5,500 மீட்டரில் அது கடல்மட்ட அழுத்தத்தில் பாதி. சந்திரதால் இருக்கும் ஏறத்தாழ 4,300 மீட்டரில் 60 விழுக்காடு. கீழே பத்து முறை மூச்சிழுத்தால் கிடைக்கும் ஆக்சிஜனில், அங்கே அதே பத்து மூச்சுக்கு ஆறு பங்குதான் நுரையீரலுக்குள் போகிறது.

இதை முதலில் அளந்து காட்டியது பிரான்ஸில் நடந்த ஒரு மலையேற்றம். காற்றுக்கு எடை உண்டு என்றால் மலையுச்சியில் அந்த எடை குறைய வேண்டும் என்று கணித்த பிளேஸ் பாஸ்கல், தன் மைத்துனர் ஃப்ளோரான் பெரியேவை பூய் த தோம் என்ற மலையில் ஏறச் சொன்னார். 1648 செப்டம்பர் 19 அன்று பெரியே பாதரசக் குழாயுடன் ஏறினார். அடிவாரத்தைவிட உச்சியில் பாதரச மட்டம் ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் இறங்கியிருந்தது. பெரியே செய்த இன்னொரு காரியமும் முக்கியம். இன்னொரு குழாயை அடிவாரத்திலேயே வைத்து, நாள் முழுவதும் அதைக் கவனிக்க ஓர் ஆளையும் நிறுத்தியிருந்தார். அந்தக் குழாயில் மட்டம் மாறவில்லை. ஆகவே உச்சியில் கண்ட இறக்கத்துக்கு அன்றைய வானிலை காரணமல்ல, உயரமே காரணம் என்பது உறுதியாயிற்று.

அழுத்தமா, ஆக்சிஜனா?

உயரத்தில் உடல் படும் பாட்டுக்குக் காரணம் எது என்ற கேள்வி அதற்குப் பிறகும் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் தீரவில்லை. அழுத்தம் குறைவதாலேயே உடல் வாடுகிறதா, அல்லது ஆக்சிஜன் போதாமலா? இரண்டும் சேர்ந்தே குறைவதால் மலையில் ஏறி இதைப் பிரித்தறிய முடியாது.

பிரித்துக் காட்டியவர் போல் பெர் என்ற பிரெஞ்சு உடலியலாளர். 1870-களில் அவர் இரும்பு அறை ஒன்றை அமைத்து, உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தார். தானே அதற்குள் உட்கார்ந்தார். அழுத்தம் குறையக் குறைய மயக்கமும் குமட்டலும் வந்தன. அப்போது ஒரு பையிலிருந்து ஆக்சிஜனைச் சுவாசித்தார். அறையின் அழுத்தம் குறைந்தபடியே இருக்க, தொல்லைகள் விலகின. 1878-இல் அவர் வெளியிட்ட பெருநூல் இந்தச் சோதனைகளைத் தொகுத்துச் சொன்னது. உடலுக்குக் கணக்கு காற்றின் மொத்த அழுத்தம் அல்ல. அதில் ஆக்சிஜன் மட்டும் தன் பங்குக்குத் தரும் அழுத்தம். இதைப் 'பகுதி அழுத்தம்' என்கிறோம். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது இதுதான்.

சிறுநீரகம் கேட்கும் அவகாசம்

ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் குறைந்ததும் உடல் சும்மா இருப்பதில்லை. கழுத்துத் தமனிகளின் கிளை பிரியும் இடத்தில் மிகச் சிறிய உணர்வுறுப்புகள் இரண்டு இருக்கின்றன. இரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதை அவை உடனே கண்டுகொண்டு மூளைக்குத் தெரிவிக்கின்றன. மூச்சு வேகமாகவும் ஆழமாகவும் மாறுகிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அதிகம் மூச்சு விட்டால் ஆக்சிஜன் கூடுதலாக உள்ளே வரும். கார்பன் டை ஆக்சைடும் கூடுதலாக வெளியேறும். கார்பன் டை ஆக்சைடு இரத்தத்துக்கு அமிலத்தன்மை தருவது. அது குறைந்தால் இரத்தம் காரத்தன்மை பக்கம் சாய்கிறது. மூளை அதை விரும்புவதில்லை. "மூச்சைக் குறை" என்கிறது. ஆக்சிஜனுக்காக அதிகம் மூச்சு விடு என்று ஓர் ஆணை, காரத்தன்மை ஏறுகிறது, நிறுத்து என்று ஓர் எதிர் ஆணை. முதல் ஓரிரு இரவுகளில் உயரத்தில் தூங்குபவர் சற்று நேரம் வேகமாக மூச்சு விட்டு, பிறகு சில நொடிகள் மூச்சே இல்லாமல் கிடந்து, திடுக்கென்று விழிப்பது இந்த இழுபறியின் ஒரு விளைவு.

இழுபறியைத் தீர்ப்பது சிறுநீரகம். அது இரத்தத்திலுள்ள பைகார்பனேட் என்ற காரப்பொருளைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. காரத்தன்மை தணிகிறது, மூச்சுக்கு இருந்த தடை விலகுகிறது. இந்த வேலைக்கு மணிக்கணக்கு போதாது. சில நாட்கள் பிடிக்கும். உடல் இப்படி உயரத்துக்குப் பழகிக்கொள்வதை 'உயரத் தகவமைவு' எனலாம். "இரண்டு நாளில் இரத்தம் ஊறிவிடும்" என்று சொல்லப்படுவது சரியல்ல. சிவப்பணுக்களைக் கூட்டச் சொல்லும் ஹார்மோன் சில மணி நேரத்திலேயே சுரந்தாலும், அணுக்கள் குறிப்பிடத்தக்க அளவு பெருக வாரங்கள் ஆகும். ஒரு வாரப் பயணத்தில் நம்மைக் காப்பது மூச்சும் சிறுநீரகமும்தான்.

முதலில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. மணாலி ஏறத்தாழ 2,050 மீட்டர். அங்கிருந்து ஒரே பகலில் 4,300 மீட்டர் உயரத்துக்கு ஏறி அங்கேயே படுக்கும்போது, சிறுநீரகத்துக்குக் கிடைத்த அவகாசம் சில மணி நேரம். சிம்லா வழியாக வந்தவருக்குக் கிடைத்தது ஒரு வாரம். 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட, 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை, 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயில் ஏறாமலே மலைக்கு அந்தப்புறம் கொண்டுபோய் விடுகிறது. வண்டிக்குப் பாதை விரைவாகிவிட்டது. சிறுநீரகத்துக்கு அப்படி ஒரு குறுக்குவழி வெட்டப்படவில்லை.

எப்படித் தெரியும்?

இது ஊகம் அல்ல. நேபாளத்தில் எவரெஸ்ட் பாதையிலுள்ள ஃபெரிச்சே என்ற ஊரில், மலையேறிகள் 278 பேரை ஆராய்ந்த பீட்டர் ஹாக்கெட், டிரம்மண்ட் ரென்னி குழுவினர் 1976-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃபெரிச்சேயின் உயரம் 4,243 மீட்டர். ஏறத்தாழ சந்திரதாலின் உயரம். 278 பேரில் 53 விழுக்காட்டினருக்கு, தலைவலியும் குமட்டலுமாக வரும் மலைநோய் கண்டிருந்தது. விமானத்தில் 2,800 மீட்டருக்கு வந்து இறங்கி நடந்தவர்களிடமும், வேகமாக ஏறியவர்களிடமும், இடையில் குறைவான இரவுகள் தங்கியவர்களிடமும் அது அதிகம். கீழே 1,300 மீட்டரிலிருந்து நடந்தே வந்தவர்களிடம் குறைவு. சேர்ந்த இடம் ஒன்று. வந்த விதம் வேறு. நம் வளையத்தின் இரண்டு திசைகளும் இதேதான்.

அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. சிறுநீரகத்தின் பைகார்பனேட் வேலையை விரைவுபடுத்தும் அசிட்டசோலமைடு என்ற மாத்திரை, விமானத்தில் வந்தவர்களின் நோயைக் குறைத்தது. நடந்து வந்தவர்களிடம் அந்தப் பயன் தென்படவில்லை. மாத்திரை ஈடுசெய்யப் பார்ப்பது, பயணத் திட்டம் தராமல் விட்ட அவகாசத்தைத்தான். சல்ஃபா வகை மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதில் கவனமாக இருக்க வேண்டும் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது.

இந்தத் துறையில் இந்தியாவின் பங்கும் பெரிது. சமவெளியிலிருந்து நேராக இமயத்தின் உயரங்களுக்கு அனுப்பப்பட்ட இந்திய வீரர்கள் 1,925 பேரின் மலைநோய் பற்றி இந்தர் சிங் தலைமையிலான மருத்துவர்கள் 1969-இல் எழுதிய கட்டுரை, உலகெங்கும் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. உடற்பயிற்சியில் தேர்ந்த இளைஞர்களும் இந்த நோய்க்கு விலக்கல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

நம் ஊர் மலைகளில் இதை ஏன் நாம் அறிந்ததில்லை? தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான். ஊட்டியும் கொடைக்கானலும் அதற்கும் கீழே. மலைநோய் பொதுவாகத் தலைகாட்டுவது 2,500 மீட்டருக்கு மேலே தூங்கும்போதுதான். கொல்லிமலையிலும் வால்பாறையிலும் கூடாரம் அடித்த அனுபவம் எவ்வளவு இருந்தாலும் ஸ்பிட்டியில் அது நுரையீரலுக்கு உதவாது.

எட்டுப் பேர் போனால்

தனியாகப் போவதற்கும் குழுவாகப் போவதற்கும் கணக்கு வேறு. ஒருவருக்கு மலைநோய் வர நாலில் ஒரு வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். தனி ஆளுக்கு அது பெரிதாகத் தெரியாது. எட்டுப் பேர் கொண்ட குழுவில் ஒருவருக்குக்கூட வராமல் இருக்கும் வாய்ப்பு பத்தில் ஒன்றுதான். அதாவது, "நம்மில் யாருக்காவது வருமா?" என்பது கேள்வியே அல்ல, "யாருக்கு வரும்?" என்பதுதான் கேள்வி. அதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. மாரத்தான் ஓடுபவருக்கு வரும். தொப்பை வைத்தவர் தப்புவார். முன்பு உயரத்தில் ஒருவருக்கு எப்படி இருந்தது என்பதுதான் ஓரளவு நம்பத்தகுந்த முன்குறிப்பு.

ஆகவே குழுவின் திட்டத்தை அதன் சராசரி ஆளுக்காகப் போடக்கூடாது. மெதுவாகப் பழகும் உடலுக்காகப் போட வேண்டும். மலை மருத்துவர்கள் சொல்லும் விதி எளிது. 3,000 மீட்டருக்கு மேல் போன பிறகு, படுக்கும் இடத்தின் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரம் கூட்டாமல் ஓர் இரவு தங்க வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் தொட்டாலும் பெரிதில்லை. இரவில் எங்கே படுக்கிறோம் என்பதே முக்கியம். தூக்கத்தில் மூச்சு தணிவதால் இரத்தத்தில் ஆக்சிஜன் மிகவும் கீழிறங்குவது அப்போதுதான்.

இந்த விதியை வளையத்தில் பொருத்திப் பார்க்கலாம். முதலில் சிம்லா, 2,200 மீட்டர். அடுத்து கல்பா, 2,900-ஐ ஒட்டி. அதன்பின் வழியிலுள்ள நாகோ என்ற ஊரைப் பகலில் கடந்துவிட்டு, அதைவிடத் தாழ்வான தாபோவில் இரவு. அது ஏறத்தாழ 3,280. பிறகு காஸா, 3,700 அளவில். அங்கே இரண்டு இரவுகள். நடுவிலுள்ள பகலில் 4,400 மீட்டருக்கு மேலே இருக்கும் ஹிக்கிம், கோமிக் கிராமங்களுக்கு ஏறிப் பார்த்துவிட்டுக் காஸாவுக்கே திரும்பிப் படுக்கலாம். அடுத்து லோசர், 4,080 அளவில் ஓர் இரவு. அதன்பிறகு சந்திரதால், 4,300. ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்கான ஏற்றம் 3,000 மீட்டருக்கு மேல் எங்கும் ஐந்நூறைத் தாண்டவில்லை. குன்சம் கணவாய் 4,550 மீட்டரை ஒட்டியது என்றாலும் அது பகலில் கடந்துபோகும் இடம் மட்டுமே.

வண்டிக்கும் மூச்சு முட்டும்

எஞ்சினும் ஆக்சிஜனில் ஓடுவதுதான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 3 விழுக்காடு ஆற்றலை இழக்கிறது. குன்சம் ஏற்றத்தில் அது கீழே காட்டிய வலுவில் பாதிக்குச் சற்று மேலேதான் மிச்சம் இருக்கும். டர்போ உள்ள வண்டி காற்றை அழுத்தி உள்ளே திணிப்பதால் இழப்பு குறைவு. கார்புரேட்டர் உள்ள பழைய மோட்டார் சைக்கிள்கள், காற்று குறைந்ததை அறியாமல் அதே அளவு பெட்ரோலை ஊற்றிக் கரும்புகை கக்கும். புதிய வண்டிகளில் உணரிகள் அழுத்தத்தை அளந்து எரிபொருளைக் குறைத்துக்கொள்ளும். குழுவிலுள்ள வண்டிகளில் வலுக்குறைந்தது எதுவோ அதில் குறைந்த சாமானை ஏற்றுவது முதல் வேலை. காஸாவில் டேங்க்கை நிரப்பாமல் கிளம்பக்கூடாது. அங்கிருந்து குன்சம் வழியாக மணாலி வரும்வரை, ஏறத்தாழ 200 கிலோமீட்டருக்கு, பாதையில் பெட்ரோல் பங்க் கிடையாது.

டயரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. டயர் அளவி காட்டுவது உள்ளிருக்கும் அழுத்தத்தை அல்ல. உள்ளழுத்தத்துக்கும் வெளியழுத்தத்துக்கும் உள்ள வேறுபாட்டை. சமவெளியில் 32 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டு கிளம்பினால், வெளியழுத்தம் குறைவதால் மட்டுமே சந்திரதாலில் அளவி ஐந்தாறு பிஎஸ்ஐ கூட்டிக் காட்ட வேண்டும். ஆனால் 35 டிகிரி வெயிலில் அடைத்த காற்று 5 டிகிரிக் குளிரில் சுருங்குகிறது. அது நாலைந்து பிஎஸ்ஐ குறைக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏறத்தாழச் சரிக்கட்டிவிடும். ஆகவே அளப்பதென்றால் அந்த இடத்தில், வண்டி ஓடுவதற்கு முன், காலையில் அளக்க வேண்டும். கல்லும் மணலுமான பாதையில் மெதுவாகப் போகும்போது காற்றைச் சற்றுக் குறைத்தால் டயர் தரையில் நீளமாகப் பதிந்து பிடிப்புக் கூடும். ஆனால் பக்கச்சுவர் உப்பிக் கூர்மையான கல்லில் கிழியும் ஆபத்தும் கூடும். தார்ச்சாலை வந்ததும் திரும்பக் காற்று அடைக்கச் சிறிய கம்பிரசர் வேண்டும். அதுவும் உயரத்தில் ஒவ்வோர் அடிக்கும் குறைந்த காற்றையே உள்ளிழுக்கும் என்பதால் கூடுதல் நேரம் எடுக்கும்.

அடுப்பில் என்ன நடக்கிறது?

நீர் கொதிப்பது என்றால், அதன் ஆவியழுத்தம் வெளியழுத்தத்துக்குச் சமமாக எழுவது. வெளியழுத்தம் குறைந்தால் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். ஏறத்தாழ 300 மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற கணக்கில் சந்திரதாலில் கொதிநிலை 86 டிகிரி. தீயை எவ்வளவு கூட்டினாலும் திறந்த பாத்திரத்தில் நீர் அதற்கு மேல் சூடேறாது. வேகமாக ஆவியாகும், அவ்வளவுதான். அரிசி நடுவில் நொறுக்கென்று நிற்கும். துவரம்பருப்பு எவ்வளவு நேரம் கிடந்தாலும் மசியாது.

பிரஷர் குக்கர் இங்கே ஆடம்பரம் அல்ல. அதன் விசில் எடை வெளியழுத்தத்தோடு ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூட்டுகிறது. கடல்மட்டத்தில் உள்ளே 120 டிகிரி வரும். சந்திரதாலில் 113 டிகிரியாவது கிடைக்கும். ஒன்றிரண்டு விசில் கூடுதலாக விட்டால் சோறு பதமாகிவிடும். குடிநீரைப் பற்றிக் கவலை வேண்டாம். 86 டிகிரியிலும் நோய்க்கிருமிகள் சாகும். நீர் நன்றாகக் கொதித்தபின் மூன்று நிமிடம் விட்டால் போதும்.

சிறு டின்களில் வரும் பியூட்டேன் வாயு கடுங்குளிரில் எளிதில் ஆவியாகாது. காலையில் அடுப்பு பற்றவில்லையே என்று திகைக்காமல் இருக்க, புரொப்பேன் கலந்த டின் வாங்க வேண்டும் அல்லது மண்ணெண்ணெய் அடுப்பு கொண்டுபோக வேண்டும். எந்த அடுப்பையும் கூடாரத்துக்குள் ஏற்றவே கூடாது. அரைகுறையாக எரியும் அடுப்பிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு, இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அதன் அறிகுறிகளும் தலைவலி, குமட்டல், சோர்வுதான். மலைநோய் என்று நினைத்து அதே கூடாரத்துக்குள் படுக்கவைத்தால் உயிருக்கே ஆபத்து.

ஓடைக்கும் நேரம் உண்டு

சந்திரதாலிலிருந்து மணாலிக்கு இறங்கும் வழியில், பாதல் முதல் கிராம்ஃபூ வரையிலான பாதையில் பல ஓடைகள் சாலையின் மேலேயே ஓடுகின்றன. அவை பனியும் பனியாறும் உருகி வரும் நீர். இரவுக் குளிரில் உருகல் அடங்குவதால் விடியற்காலையில் ஓடை சிறுத்திருக்கும். வெயில் ஏற ஏற உருகிய நீர் பெருகி, மாலையில் உச்சம் தொடும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த இடத்தில் மாலையில் ஜீப் சிக்கும். நீரின் வேகம் இரு மடங்கானால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். 30 சென்டிமீட்டர் ஆழத்தில் வேகமாக ஓடும் நீரே பெரும்பாலான கார்களை இழுத்துச் செல்லும்; 60 சென்டிமீட்டர் என்றால் கனமான ஜீப்பும் தப்பாது. ஆகவே ஓடைகள் உள்ள பகுதியைக் காலையிலேயே கடக்கும்படி முகாமிலிருந்து கிளம்பும் நேரத்தை வைக்க வேண்டும். ஒரு வண்டி கடந்து அக்கரை சேர்ந்த பிறகே அடுத்தது இறங்க வேண்டும். இழுக்கக் கயிறோடு ஒரு வண்டி எப்போதும் உலர்ந்த தரையில் நிற்க வேண்டும். குழுவாகப் போவதன் பெரும் பயனே இதுதான்.

கூடாரத்துக்கு இடம் பார்க்கும்போது வறண்ட ஓடைப்படுகை தட்டையாக இருக்கிறதே என்று அங்கே அடிக்கக்கூடாது. பள்ளத்தின் அடியும் வேண்டாம். இரவில் குளிர்ந்த காற்று கனத்து அங்கேதான் வந்து தேங்கும். உறங்கு பையின் அடிப்பக்கம் உடல் எடையில் நசுங்கி, குளிரைத் தடுக்கும் காற்றை இழந்துவிடும் என்பதால் கீழே தடித்த விரிப்பு இல்லாமல் எந்தப் பையும் சூடு தராது. சந்திரதால் 2005 முதல் பன்னாட்டு ராம்சார் உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள ஈரநிலம். ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க அனுமதி இல்லை. முகாம்கள் தள்ளியே இருக்கின்றன. 2023 ஜூலையில் கொட்டிய பனியில் அந்த முகாம்களில் நூற்றுக்கணக்கான பயணிகள் பல நாட்கள் சிக்கி, பிறகு மீட்கப்பட்டார்கள். கோடையிலும் இது நடக்கும். இரண்டு நாளுக்கான கூடுதல் உணவும் எரிபொருளும் கையில் இருக்க வேண்டும்.

தலைவலி என்று சொல்லுங்கள்

மேலே வந்து சேர்ந்ததுமே மலைநோய் தெரியாது. உயரம் சேர்ந்து ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்தே அது தலைகாட்டும். மாலையில் உற்சாகமாகப் படம் எடுத்தவருக்கு நள்ளிரவில் வரும். தலைவலியோடு குமட்டல், அசதி, கிறுகிறுப்பு ஆகியவற்றில் ஒன்று சேர்ந்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை மலைநோய் என்றே கொள்ள வேண்டும். அப்படியானால் மேலே ஏறக்கூடாது, அங்கேயே ஓய்வு. நேர்கோட்டில் குதிகாலும் விரல்நுனியும் ஒட்ட நடக்கச் சொல்லும்போது ஒருவர் தள்ளாடினால் மூளை வீங்குகிறது என்று பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் அடிப்படை மருந்து இறங்குவதுதான், விடியும்வரை காத்திராமல். கடையில் விற்கும் சிறிய ஆக்சிஜன் டப்பா சில நிமிடங்களே வரும். விரல் ஆக்சிஜன் அளவி குளிர்ந்த விரலில் தவறாகக் காட்டும். இவற்றை நம்பி இறங்குவதைத் தள்ளிப்போடக்கூடாது.

சந்திரதாலில் இறங்குவது என்றால் எந்தப் பக்கம் என்பதும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். காஸா பக்கம் திரும்பினால் குன்சம் கணவாயில் முதலில் ஏற வேண்டும்; அது நோயாளிக்கு ஆகாது. பாதல் வழியாக மணாலி பக்கம் போனால் வழி முழுக்க இறக்கம். ஏரியிலிருந்து பாதல் சுமார் 14 கிலோமீட்டர். கைபேசிச் சமிக்ஞையை நம்ப முடியாது. ஆகவே ஒரு வண்டி இரவில் அந்தத் திசை நோக்கி, எரிபொருளோடு, மது அருந்தாத ஓட்டுநரோடு தயாராக நிற்க வேண்டும்.

குழுப் பயணத்தில் ஆபத்தைக் கூட்டுவது பெரும்பாலும் கூச்சம்தான். "என்னால் எல்லோர் பயணமும் கெட்டுவிடுமே" என்று ஒருவர் தலைவலியை மறைப்பார். கிளம்புவதற்கு முன்பே இரண்டு காரியங்களைச் செய்துவிடுங்கள். திட்டத் தாளில் கிலோமீட்டருக்குப் பக்கத்தில் ஒவ்வோர் இரவும் படுக்கும் இடத்தின் உயரத்தை எழுதுங்கள். எந்த இரவு ஐந்நூறுக்கு மேல் தாவுகிறதோ அங்கே ஒரு நாள் கூட்டுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். ஒருவர் இறங்க வேண்டும் என்றால் வாக்கெடுப்பு இல்லாமல் ஒரு வண்டி அவரோடு இறங்கும் என்று எல்லோரும் ஒப்புக்கொள்ளுங்கள். இந்த இரண்டுக்கும் ஒத்துவராதவர்களோடு அந்த மலைக்குப் போகாமல் இருப்பதே நல்லது.